ஃபிரெண்டோட அந்தரங்க ஃபோட்டோவை பழைய லவ்வர் பரப்புறான், வக்கீலுக்கு காசில்ல, என்ன வழி?

கார்த்திகா_நெல்லை:
என் ஃபிரெண்டுக்காக கேக்குறேன். லவ் பண்ணப்ப அவளே அனுப்பின ஃபோட்டோ, பிரேக்கப் ஆனதும் அவன் டெலிகிராம் குரூப்ல போட்டுட்டு இப்ப திரும்ப வந்துடு இல்லன்னா அப்பா நம்பருக்கே அனுப்புவேன்னு மிரட்டுறான். ஸ்டேஷன்ல ஒருத்தர் "நீயேதானம்மா அனுப்புன, கேஸ் நிக்காது"ன்னு சொல்லி திருப்பி அனுப்பிட்டார். சென்னை ஹாஸ்டல்ல இருக்கா, வீட்டுக்கு தெரியாது. வக்கீல் ஒருத்தர் கேட்ட ஃபீஸ் அவ ரெண்டு மாச சம்பளம். இலவசமா யாராச்சும் கேஸ் எடுப்பாங்களா?

வக்கீல்_ரேவதி:
தங்கச்சி, கேஸ் நிக்காதுங்கறது தப்பு. ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 77வது பிரிவுலயே தெளிவா இருக்கு, ஒரு பொண்ணு படம் எடுக்க சம்மதிச்சிருந்தாலும் அதை மத்தவங்களுக்கு காட்ட சம்மதிக்கலன்னா பரப்புனவன் குற்றவாளிதான். ஐடி சட்டத்துல 66இ, 67, 67ஏ இருக்கு, 67ஏ-ல முதல் தடவையே 5 வருஷம் வரைக்கும் ஜெயில், 10 லட்சம் வரைக்கும் அபராதம். மிரட்டல் தனி குற்றம்.

இலவச வக்கீலுக்கு மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும். 1987 சட்டம் 12வது பிரிவுப்படி பெண்களுக்கு வருமானம் எவ்ளோன்னே பாக்க மாட்டாங்க, சம்பளம் வாங்குறவளா இருந்தாலும் சரி. வெள்ளை பேப்பர்ல எழுதி ஆதார் காப்பியோட குடுத்தா போதும், அவங்க வச்சிருக்கற வக்கீல் பட்டியல்லேருந்து (பேனல்னு சொல்லுவாங்க) ஒருத்தரைப் போடுவாங்க. நேர்ல போக முடியலன்னா 15100க்கு போன் பண்ணலாம். இலவசம்னா ஏனோதானோன்னு பாப்பாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு, அதை நம்பி உக்காந்துடாதீங்க, போட்ட வக்கீல் சரியில்லன்னா மாத்தச் சொல்லி அங்கயே எழுதிக் குடுக்கலாம்.

தேனி_சுமதி:
எங்க சித்தி பொண்ணுக்கு இப்படி ஆனப்ப கூட நின்னவ நான். முதல்ல அவன் சாட்டை டெலீட் பண்ணாதீங்க ப்ளீஸ், பயத்துல எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. குரூப் பேரு, லிங்க், அவன் யூசர்நேம், தேதி நேரம் எல்லாம் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. ஆனா ஆதாரத்துக்குன்னு அந்த ஃபோட்டோவை வாட்ஸ்அப்ல யாருக்கும் ஃபார்வேர்ட் பண்ணாதீங்க, வக்கீல் கிட்ட நேர்ல ஃபோனை காட்டுனா போதும்.

ஸ்டாப் என்சிஐஐன்னு ஒரு சைட் இருக்கு, 18 வயசு ஆனவங்களுக்கு. ஃபோட்டோ நம்ம ஃபோனை விட்டு வெளிய போகாது, அதுலேருந்து கைரேகை மாதிரி ஒரு டிஜிட்டல் அடையாளக் குறியீடு மட்டும்தான் போகும், ஃபேஸ்புக் இன்ஸ்டால அதே ஃபோட்டோவை ஏத்தினா கண்டுபிடிச்சு தடுக்க அது உதவும். அதுல சேராத சைட்டுக்கு இது உதவாது, அங்கல்லாம் அவங்க புகார் அதிகாரிக்கு நேரா எழுதணும். 2021 ஐடி ரூல்ஸ் வந்தப்பவே இந்த மாதிரி படத்தை 24 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும்னு வச்சுட்டாங்க.

கார்த்திகா_நெல்லை:
ரொம்ப நன்றிக்கா ரெண்டு பேருக்கும். அவ பயமே பேரு வெளிய வந்துடுமோன்னுதான். பையன் வேற கோயம்புத்தூர், எந்த ஸ்டேஷன்?

வக்கீல்_ரேவதி:
எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்ஐஆர், அதாவது எல்லை பாக்காம பதியற எஃப்ஐஆர், போடலாம், எங்க எல்லை இல்லன்னு திருப்பி அனுப்ப முடியாது, புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிஎன்எஸ்எஸ் 173வது பிரிவு. சைபர் கிரைம் போர்ட்டல்ல பெண்கள் குழந்தைகள் பகுதியில பேரே சொல்லாம புகார் குடுக்கலாம், ஆனா அவன் மேல கேஸ் நடக்கணும்னா பேரோட குடுக்கறதுதான் நல்லது. பேரை மறைக்கச் சொல்லி கோர்ட்ல கேக்க முடியும். 2025 ஜூலைல சென்னை ஹைகோர்ட்ல ஒரு பெண் வக்கீலுக்கே இதே கொடுமை நடந்து வழக்கு வந்தப்ப, 48 மணி நேரத்துல படங்களை எடுக்க நடவடிக்கை எடுங்கன்னு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மத்திய அரசுக்கே உத்தரவு போட்டார். அந்த உத்தரவை உங்க பேனல் வக்கீல் கிட்ட சொல்லுங்க, உபயோகப்படும்.

அவன் கூப்பிட்டான்னு தனியா எங்கயும் பேசப் போக வேணாம்னு அவகிட்ட கண்டிப்பா சொல்லும்மா. ஸ்டேஷன்ல மனு குடுத்தா மனு வாங்கினதுக்கு குடுக்கற சிஎஸ்ஆர் ரசீது வாங்காம வெளிய வராதீங்க.