பாட்டியின் கறுப்பு புரூச்: இந்த இலையும் மொட்டும் எதைக் குறிக்கின்றன?

குன்னூர்க்காரி:
என் பாட்டி குன்னூரில் தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஒன்றில் ஆயாவாக இருந்தவர். துரைசானி கப்பலேறுமுன் கொடுத்த கறுப்பு புரூச்சைக் கடைசிவரை டிரங்குப் பெட்டியில் பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். கனமே இல்லை. சுற்றிலும் ஐந்து முனை இலைகள், நடுவில் ரோஜா மொட்டு. மொட்டின் காம்பு ஒடிந்து தொங்குகிறது. உடைத்துவிட்டேனோ என்று பதறிவிட்டேன். உற்றுப் பார்த்தால், ஒடிந்ததாகவே செதுக்கியிருக்கிறார்கள்! பின்புறம் சிறு கண்ணாடிக்குள் வைக்கோல் நிறத்தில் ஏதோ நார். ஊசியால் நெம்பி எடுத்துவிடலாமா?

கோத்தகிரி தாத்தா:
ஊசியைக் கீழே வையம்மா. அது நார் அன்று, தலைமுடி. இறந்தவரின் முடியை நகைக்குள் வைத்துக்கொள்வது அந்தக் கால ஆங்கிலேயர் வழக்கம். 1861இல் ஆல்பர்ட் இளவரசர் இறந்தபின் விக்டோரியா அரசி சாகும்வரை கறுப்பே உடுத்தினார். இங்கிலாந்தின் விட்பி ஊர் ஜெட் நகைகளுக்கு அப்போதுதான் பெரும் கிராக்கி. உன் புரூச்சும் ஜெட்டாகவே இருக்கும். ஜெட் என்பது கல் அன்று. ஏறத்தாழ 18 கோடி ஆண்டு மண்ணுக்குள் இறுகிய மரம். ஊட்டி தாவரவியல் பூங்காவில் குரங்கு ஏறா மரம் பார்த்திருப்பாய், அந்த இனம்.

இலை ஐவிக்கொடி. பற்றிய மரம் பட்டுப்போனாலும் பிடியை விடாது. அதனால் பிரியாத அன்புக்கு அடையாளம், நமக்குக் கற்புக்கு முல்லை போல. விரிந்த ரோஜா வளர்ந்தவருக்கு, மொட்டு குழந்தைக்கு. ஒடிந்த காம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

உதகை நகைப்பட்டறை:
வல்கனைட்டாகவும் இருக்கலாம். அது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர், அச்சில் வார்ப்பது. நாளாக வெளிச்சம் பட்டால் பழுப்பேறும், அழுத்தித் தேய்த்தால் ரப்பர் நெடி வரும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் சோதிக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள், தழும்பு விழும். லென்ஸில் உளித்தடம் தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் செதுக்கிய ஜெட்.

குன்னூர்க்காரி:
ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். மொட்டின் அடியில் மெல்லிய கீறல்கள், ஒன்றைப்போல் ஒன்று இல்லை. நெடியும் இல்லை. அப்படியானால் துரைசானியின் பிள்ளையா, தாத்தா? அந்த வீட்டில் குழந்தை இறந்ததாகப் பாட்டி சொன்னதே இல்லை.

கோத்தகிரி தாத்தா:
ஜெட்தான். ஆனால் அவர் பிள்ளையாக இருக்காது. அந்த மோஸ்தர் பத்தொன்பதாம் நூற்றாண்டோடு ஓய்ந்துவிட்டது. அவருடைய பாட்டி அணிந்ததாக இருக்கலாம். துரைசானி பணமோ புடவையோ கொடுத்துப் போயிருக்கலாம்; ஆனால் தன் குடும்பத்துக் குழந்தையின் முடியை உன் பாட்டியை நம்பிக் கொடுத்திருக்கிறார். கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

குன்னூர்க்காரி:
ஈரம் படாமல் துடைத்து, அதே சேலைத் துணியிலேயே சுற்றிவிட்டேன், தாத்தா.