அமெரிக்கக் கால்பந்தில் முதல் வருட குவாட்டர்பேக்கை (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவரை) எப்போது களமிறக்குவது?

பனிமைதானம்:
ஏப்ரலில் டிராஃப்ட் (அணிகள் வரிசைப்படி கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) முடிந்தால் போதும், "செப்டம்பர் முதல் ஆட்டத்திலேயே பையனை இறக்கு" என்று எல்லா ஊரிலும் ஆரம்பித்துவிடுகிறார்கள். கரோலைனா அதைத்தான் செய்தது. 2023-ல் பிரைஸ் யங்கை முதல் ஆளாக எடுத்து, முதல் வாரமே இறக்கினார்கள். 62 சாக் (பந்தை வீசுமுன் எதிரணி அவரைத் தரையில் வீழ்த்துவது). 17 ஆட்டத்தில் அணிக்கு 2 வெற்றி. அடுத்த சீசனில் இரண்டு ஆட்டம் முடிந்ததுமே அவரை பென்ச்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கிரீன் பேயைப் பாருங்கள். 2005-ல் எடுத்த ஏரன் ராட்ஜர்ஸ், அப்போதைய ஸ்டார்ட்டர் பிரெட் ஃபார்வுக்குப் பின்னால் மூன்று சீசன் காத்திருந்தார். ஜோர்டன் லவ்வும் அப்படித்தான். கான்சஸ் சிட்டியில் மஹோம்ஸ் 2017-ல் ஸ்டார்ட்டராக இறங்கியது சீசனின் கடைசி ஆட்டத்தில் மட்டும். மறு வருடம் 50 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது) வீசினார், சீசனின் சிறந்த வீரர் விருதும் (எம்விபி) வாங்கினார். முதல் வருடம் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஹூஸ்டன்காரன்:
அதே 2023 டிராஃப்டில் யங்குக்கு அடுத்த ஆளாக ஸ்ட்ரௌடை எங்கள் அணி எடுத்தது. முதல் வாரத்திலிருந்தே ஆடினார். பந்து வீசியே 4,108 யார்டு, 23 டச்டவுன், வெறும் 5 இன்டர்செப்ஷன் (எதிரணி கையில் சிக்கிய பந்து). முந்தின வருடம் 3 ஆட்டம் மட்டும் ஜெயித்த அணி பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய நாக்-அவுட் சுற்று) போய் அங்கேயும் ஒன்று ஜெயித்தது. அவரை உட்கார வைத்திருந்தால் யாருக்கு லாபம்?

மஹோம்ஸ் காத்திருந்ததற்குக் காரணம் அலெக்ஸ் ஸ்மித் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. ராட்ஜர்ஸுக்கு முன்னால் நின்றது ஃபார்வ். காத்திருந்ததால்தான் தேறினார்கள் என்பதற்கு என்ன ஆதாரம் நண்பரே? சான் ஃபிரான்சிஸ்கோ 2021-ல் மூன்றாவது ஆளாக எடுத்த ட்ரே லான்ஸும் முதல் வருடம் பெரும்பாலும் பென்ச்சில்தான் இருந்தார். இரண்டாம் வருடம் கணுக்கால் போனது, 2023-ல் டல்லாஸுக்கு மாற்றிவிட்டார்கள். காத்திருந்து தேறாதவர்கள் பெயரை யாரும் பேசுவதில்லை.

லைன்தான்முக்கியம்:
இரண்டு பேருமே தேதியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். குவாட்டர்பேக்கைக் காக்க முன்னால் நிற்கிற ஐந்து பேரை, அந்த லைனைப் பாருங்கள். 2002-ல் ஹூஸ்டன் புதிதாக லீக்குக்குள் வந்தபோது டேவிட் காரை முதல் ஆளாக எடுத்து, 16 ஆட்டமும் ஆட வைத்தார்கள். 76 சாக். ஒரு சீசனில் அதைவிட அதிகம் யாரும் வாங்கியதில்லை. அந்த லைனுக்குப் பின்னால் யாரை நிறுத்தியிருந்தாலும் இதே கதிதான்.

1998-ல் இண்டியானாபோலிஸில் பெய்டன் மானிங்கும் எல்லா ஆட்டமும் ஆடினார். 28 இன்டர்செப்ஷன், ரூக்கிகளில் (முதல் வருட வீரர்களில்) அது இன்றைக்கும் சாதனை. அணிக்கு 3 வெற்றி, 13 தோல்வி. ஆனால் சாக் 22 மட்டும். மறு வருடம் 13-3. தப்பான பந்து வீசிக் கற்றுக்கொள்ளலாம், தரையில் கிடந்து கற்றுக்கொள்ள முடியாது.

ஹூஸ்டன்காரன்:
காரை ஆட வைத்தது கொடுமைதான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் ஜோ பர்ரோ? 2020-ல் ரூக்கியாக ஆடி முழங்கால் கிழிந்தது. 2021-ல் திரும்பி வந்து 51 சாக் வாங்கினார். டென்னசியுடன் நடந்த பிளேஆஃபில் மட்டும் 9 சாக். அந்த ஆட்டத்தையும் ஜெயித்து, சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்) வரை போனார். லைன் மட்டுமே எல்லாம் இல்லை.

பனிமைதானம்:
ஒவ்வொரு பிளேக்கும் நடப்பதை யோசியுங்கள். அடுத்த பிளேயைத் தொடங்க 40 வினாடி கடிகாரம். ஹெல்மெட்டுக்குள் கேட்கும் கோச் குரல் 15 வினாடி மிச்சம் இருக்கும்போது அறுந்துவிடும். அதற்கப்புறம் குவாட்டர்பேக் தனியாள். எதிரணி எங்கிருந்து பாய்ந்து வரும் என்று பார்க்க வேண்டும், லைனின் நடுவில் நிற்கும் சென்டரிடம் சொல்லித் தடுப்பை மாற்ற வேண்டும், பந்தைப் பிடிக்கும் ரிசீவரை நகர்த்த வேண்டும். இது கல்லூரியில் பெரும்பாலும் ஓரத்தில் நிற்கும் கோச் பார்த்துக்கொள்ளும் வேலை. அதைப் படிக்க ஒரு வருடம் கேட்பது அதிகமா?

ஹூஸ்டன்காரன்:
எங்கே உட்கார்ந்து படிப்பான்? சீசன் தொடங்கிவிட்டால் பயிற்சி எல்லாம் ஸ்டார்ட்டருக்குத்தான். பென்ச்சில் இருப்பவன், அட்டையில் வரைந்து கொடுத்த எதிரணி பிளேக்களை ஓட்டிக் காட்டி, நம் டிஃபென்ஸுக்குப் பயிற்சி கொடுப்பான். நம் பிளேக்களை அவன் ஓட்டுவது அபூர்வம். ராட்ஜர்ஸ் உட்கார்ந்திருந்த காலம் வேறு. லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தம் பயிற்சியை நன்றாகவே வெட்டிவிட்டது. கோடைக்காலப் பயிற்சி குறைந்தது, பேட் (உடல் கவசம்) போட்ட பயிற்சி ஒரு சீசனுக்கு 14 என்று ஆனது. அதே ஒப்பந்தம் ரூக்கி சம்பளத்தையும் கட்டுக்குள் கொண்டுவந்தது. மலிவாகக் கிடைக்கும் நாலைந்து வருடத்தில் ஒன்றை பென்ச்சில் கரைக்க எந்த மேனேஜர் சம்மதிப்பார்?

சிகாகோலதா:
இங்கே 2024-ல் கேலப் வில்லியம்ஸ் 68 சாக் வாங்கியதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தவள் நான். லைன் மோசம்தான். ஆனால் பந்தைப் பிடித்துக்கொண்டே நின்று அவராக வாங்கிக்கொண்டதும் நிறைய. அதைத் திருத்த வேண்டியவர்களே நிலைக்கவில்லை. சீசன் நடுவிலேயே முதலில் ஆஃபென்ஸ் கோச்சை அனுப்பினார்கள், இரண்டு வாரம் கழித்துத் தலைமைக் கோச்சையும். வேலை போகுமோ என்று பயந்துகொண்டிருக்கும் கோச்சிடம் இந்த முடிவை விடவே கூடாது. அவருக்கு இந்த வாரம் ஜெயிக்க வேண்டும், பையனின் பத்து வருடம் அவர் கணக்கிலேயே வராது.

லைன்தான்முக்கியம்:
லதா அக்கா சொல்வது சரி. அதே வருடம் நியூ இங்கிலாந்து என்ன செய்தது? டிரேக் மேயை உடனே இறக்காமல், முதல் ஐந்து ஆட்டம் ஜக்கோபி பிரிசெட்டை ஆட விட்டார்கள். லைன் படுமோசம், அந்த அடியை அனுபவசாலி வாங்கிக்கொண்டார். ஆறாவது வாரம் மே வந்தார்.

ஹூஸ்டன்காரன்:
வந்தது எங்களுக்கு எதிராகத்தான். 41-21 என்று தோற்றார்கள், ஆனாலும் மே மூன்று டச்டவுன் வீசினார். அந்த ஐந்து வாரத்தில் லைன் ஒன்றும் தேறிவிடவில்லை. அப்படியானால் முதல் வாரமே இறக்கியிருக்கலாமே?

பனிமைதானம்:
லைன் தேறவில்லை, ஆனால் அந்த ஐந்து வார அடி மேயின் உடம்பில் விழவில்லையே. யங்கும் 2024-ல் ஐந்து ஆட்டம் வெளியே இருந்துவிட்டு வந்த பிறகுதான் நிதானமாக ஆடினார். அந்த இடைவெளியை முதல் வருடமே கொடுத்திருக்கலாம் என்கிறேன்.

ஹூஸ்டன்காரன்:
வெளியே இருந்ததாலா, திரும்பி வந்து தொடர்ந்து ஆடியதாலா? யங்குக்குப் பதிலாக ஆடிய டால்டனுக்கு விரலில் அடிபடாமல் இருந்திருந்தால் யங் எப்போது திரும்பியிருப்பார் என்று சொல்லுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.