உதவி தேவை: செய்முறையில் சொன்னபடியே செய்தும் சாம்பாரில் பருப்பு வேகவில்லை

நெல்லைக்காரி:

வணக்கம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வேலை மாற்றலாகி ஜூன் மாதம் முதல் உதகையில் இருக்கிறேன். உடன் இருப்பது ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் மட்டும்தான். காலை எட்டேகால் மணிக்குள் அவளுடைய சாப்பாட்டு டப்பா தயாராக வேண்டும்.

ஊரில் இருந்தவரை அடுப்படி முழுவதும் அம்மாவின் பொறுப்பு. நான் காய் நறுக்கிக் கொடுப்பதோடு சரி. இங்கே வந்தபின் இணையத்தைப் பார்த்துத்தான் சமைக்கிறேன். இரண்டு இடங்களில் தடுமாறி நிற்கிறேன்.

முதலாவது பருப்பு. எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டுச் செய்யும் சாம்பார் ஒன்றை ஒரு நிமிட வீடியோவில் பார்த்தேன். துவரம்பருப்பு, காய், தக்காளி, புளிக்கரைசல், சாம்பார்ப்பொடி, உப்பு எல்லாம் ஒன்றாகப் போட்டு நான்கு விசில். வீடியோவில் பருப்பு வெண்ணெய் போலக் குழைந்து வருகிறது. எனக்கு மூன்று முறையும் முழுசு முழுசாக அடியில் கிடக்கிறது. நேற்று ஏழு விசில் விட்டேன். முருங்கைக்காய் நார் நாராகப் பிரிந்துபோனது, பருப்பு மட்டும் அப்படியே இருந்தது. மகள் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொரு பருப்பாகத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது, தினமும் இரவு ஒரு மணி நேரம் "நாளைக்கு என்ன" என்று தேடுகிறேன். நாற்பது ஐம்பது வீடியோ ஓடிவிடும். விடிந்தால் மறுபடியும் எலுமிச்சைச் சாதம்தான். இங்கே கிடைக்கும் காய்களை வைத்து, வேலைக்குப் போகிறவர்கள் அன்றாடம் செய்யக்கூடிய சமையலை நீங்கள் எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

மதுரைக்காரன்:

அக்கா, உயரம்தான் காரணமாக இருக்க வேண்டும். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் எடுத்த வீடியோ உங்களுக்கு எப்படிப் பொருந்தும்? ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டுப் பாருங்கள், சீக்கிரம் வெந்துவிடும்.

தஞ்சாவூர்ப் பாட்டி:

சோடா உப்பு வேண்டாம் தம்பி. பருப்பு கரைந்துவிடும், உண்மைதான். ஆனால் வாயில் வைத்தால் சவக்காரம் போல ஒரு வழவழப்பு வரும். பருப்பில் இருக்கும் பி1 சத்தும் போய்விடும். பிள்ளைக்குக் கொடுக்கிற சாப்பாடு, பார்த்துச் செய்ய வேண்டும்.

நெல்லைக்காரி, மூன்று கேள்விகள் அம்மா. பருப்பு வாங்கி எத்தனை நாளாயிற்று? பழைய பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசியாது. ஊற வைத்தீர்களா? வீட்டுத் தண்ணீர் எப்படி, சோப்பு நன்றாக நுரைக்கிறதா?

நெல்லைக்காரி:

பருப்பு போன வாரம் வாங்கியது பாட்டி. வீடியோவில் சொல்லாததால் ஊற வைக்கவில்லை. சோப்பு நன்றாக நுரைக்கிறது, சொல்லப்போனால் அலசித் தீர்வதில்லை.

வேதியியல் ஆசிரியர்:

சோப்பு அப்படி நுரைக்கிறது என்றால் தண்ணீர் மென்னீர். தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கடின நீராக இருந்தால் அதிலுள்ள கால்சியம் பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மதுரைக்காரன் தம்பி சொன்ன உயரக் கணக்கு திறந்த பாத்திரத்துக்குச் சரி. குக்கர் அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். சமவெளியில் குக்கருக்குள் ஏறத்தாழ 120 டிகிரி இருக்கும். உதகையில் அதைவிட நான்கைந்து டிகிரி குறையலாம். சில நிமிடங்கள் கூடுதலாக வைத்தால் போதும். ஏழு விசிலுக்கும் பருப்பு அசையவில்லை என்பதை இந்த நான்கைந்து டிகிரி விளக்காது.

என் சந்தேகமெல்லாம் புளியின் மேல்தான். புளிப்பு இருக்கும் தண்ணீரில் பெக்டின் எளிதில் கரையாது, பருப்பின் தோற்றம் குலையாமல் நிற்கும். புளிக்கரைசலும் தக்காளியும் முதலிலேயே சேர்ந்தால் பருப்பு வேகத் தாமதமாகும். நம் வீடுகளில் பருப்பைத் தனியாக வேகவைத்துக் கடைந்து, புளி கொதித்துப் பச்சை வாசனை போன பிறகு அதில் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வீடியோவில் பருப்பை முன்பே ஊற வைத்திருக்கலாம், புளியை மிகக் குறைவாக விட்டிருக்கலாம். ஒரு நிமிடத்துக்குள் அடக்க வேண்டும் என்பதால் அதையெல்லாம் வெட்டியிருப்பார்கள்.

என் சொல்லை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். அரை மணி நேரம் ஊறிய பருப்பை இரண்டு சிறிய எவர்சில்வர் கிண்ணங்களில் இரண்டிரண்டு மேசைக்கரண்டி போடுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றொன்றில் அதே அளவு புளிக்கரைசல். இரண்டையும் ஒரே குக்கரில் அருகருகே வைத்து மூடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 10 நிமிடம். விசிலை எண்ண வேண்டாம். தீ பெரிதாக இருந்தால் நான்கு விசில் நான்கு நிமிடத்தில் வந்துவிடும். பருப்பு வேகத் தேவையானது நேரம்.

சேலத்து மருமகள்:

இதையும் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா. "ஒரு கப்", "ஒரு ஸ்பூன்" என்று சொல்கிறார்களே, எந்தக் கப், எந்த ஸ்பூன்? அளவுக் கப் 240 மில்லி, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி. எது என்று தெரியாமல் ஒரு ஸ்பூன் மிளகாய்ப்பொடி போட்டால் காரம் மூன்று மடங்காகிவிடும். கல் உப்பையும் தூள் உப்பையும் ஒரே கரண்டியால் அளக்கவும் கூடாது. கல் உப்பில் இடைவெளி அதிகம், எடை குறைவு. கிராம், மில்லி எழுதாத செய்முறையை நான் முதல்முறை பாதி உப்போடுதான் தொடங்குவேன்.

நெல்லைக்காரி:

இன்று காலை சோதித்துவிட்டேன். நம்பவே முடியவில்லை. குக்கரைத் திறந்ததும் வெறும் தண்ணீர் விட்ட கிண்ணத்தில் பருப்பு பூத்து, ஒன்றோடொன்று ஒட்டி, மேலே மஞ்சள் ஆடை போல நின்றது. கரண்டியின் பின்புறத்தால் லேசாக அழுத்தியதும் மசிந்துவிட்டது. புளிக்கரைசல் விட்ட கிண்ணத்தில் ஒவ்வொரு பருப்பும் விளிம்பு கூர்மையாக, எண்ணிவிடலாம் போலத் தனித்தனியாக இருந்தது. விரல்களுக்கு இடையில் வைத்து நசுக்கினால் நடுவில் மாவு போல ஒரு கட்டி. பருப்பு ஒன்று, குக்கர் ஒன்று, நேரமும் ஒன்று.

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. மூன்று வாரமாக என் கையில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பருப்பைத் தனியாக வேகவைத்து இன்று சாம்பார் வைத்தேன். மகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இரண்டாவது கேள்வி அப்படியே இருக்கிறது.

குன்னூர்வாசி:

அதற்கு நான் வருகிறேன். பதினெட்டு வருடமாக இந்த மலையில் சமைக்கிறேன்.

முதலில், பதார்த்தத்தின் பெயரைத் தேடாதீர்கள். கையில் இருக்கும் காயின் பெயரைத் தேடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து, பையைப் பிரித்த பிறகு ஒரே ஒரு முறை உட்காருங்கள். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பீட்ரூட், நூல்கோல், உருளை, மேரக்காய். வாரத்துக்கு இதுவே போதும். "நூல்கோல் கூட்டு", "பீன்ஸ் பருப்பு உசிலி" என்று காயையும் செய்யும் முறையையும் சேர்த்துத் தேடினால் ஐந்தாறு பக்கங்களுக்குள் வேலை முடிந்துவிடும். இரவு ஒன்பது மணிக்கு, களைத்த நேரத்தில், வெறுமனே "சமையல்" என்று தேடினால் பிரியாணியும் பன்னீரும்தான் வரிசையாக வரும். பார்க்க அழகாக இருக்கும், காலை ஆறரை மணிக்கு ஒன்றுக்கும் உதவாது.

அடுத்தது பெயர். இதைச் சொல்ல யாரும் இல்லாமல் நான் இரண்டு வருடம் வீணாக்கினேன். மேரக்காயைச் சென்னையில் சௌசௌ என்பார்கள், சிலர் பெங்களூர்க் கத்தரிக்காய் என்பார்கள். மூன்று பெயரிலும் தேடிப் பாருங்கள், மூன்று விதமான சமையல் கிடைக்கும். மேரக்காய்த் தோலைச் சீவிக் குப்பையில் போடாதீர்கள். நல்லெண்ணெயில் சுருள வதக்கி, உளுந்தும் வற்றல் மிளகாயும் வறுத்து வைத்து அரைத்தால் அருமையான துவையல். உங்கள் ஊர்ச் சுவை வேண்டுமென்றால் உங்கள் ஊர்ச் சொல்லால் தேடுங்கள். கொத்தவரங்காய் என்று போட்டால் ஒருவகை, சீனி அவரைக்காய் என்று போட்டால் உங்கள் பக்கத்துப் பொரியல். வெண்பூசணி என்பதைத் தடியங்காய் என்று போட்டுப் பாருங்கள். அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவரின் அடுப்படி உங்கள் அம்மாவின் அடுப்படிக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஒரு செய்முறையை நம்பலாமா என்பதற்கு என் கணக்கு இது. எத்தனை பேருக்கு என்று எழுதியிருக்க வேண்டும். வெங்காயம் வதங்க எத்தனை நிமிடம் என்று சொல்லியிருக்க வேண்டும். "வெங்காயம் பொன்னிறமானதும்" என்று மூன்று நொடியில் காட்டிவிட்டுப் போவார்கள், உண்மையில் அதற்குப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைச் சொல்லாதவரை நம்பி நான் காலைச் சமையலைத் தொடங்குவதில்லை. கீழே கருத்து எழுதியவர்களில் "செய்து பார்த்தேன், புளி கொஞ்சம் அதிகம்" என்பது போல எழுதும் ஒருவர், "சூப்பர்" என்று எழுதும் நூறு பேரைவிட எனக்கு முக்கியம்.

மாவு பொங்கவில்லை என்று அடுத்து கேட்பீர்கள், இங்கே வருகிற எல்லோரும் கேட்பார்கள். எட்டு மணி நேரம் என்பது சமவெளிக் கணக்கு. இங்கே குளிரில் இருபது மணி நேரம் ஆகலாம். கையால் நன்றாகக் கலந்து, பெரிய ஹாட் பாக்ஸுக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர் வைத்து மூடுங்கள்.

தஞ்சாவூர்ப் பாட்டி:

அம்மா இருக்கிறார்கள் அல்லவா? அவர்களிடம் கேட்பதில்லையா?

நெல்லைக்காரி:

கேட்பேன் பாட்டி. "கொஞ்சம் போடு, பதமாக எடு" என்பார்கள். எனக்கு அந்தக் "கொஞ்சம்" பிடிபடவில்லை.

தஞ்சாவூர்ப் பாட்டி:

எவ்வளவு என்று கேட்காதீர்கள். அளவு அவர்களுக்கே தெரியாது, கைக்குத்தான் தெரியும். "எதைப் பார்த்துப் போதும் என்று நிறுத்துவாய்?" என்று கேளுங்கள். புளி கொதித்தது போதும் என்று எப்படித் தெரியும், ரசத்தை எப்போது இறக்குவாய், பொரியலுக்குத் தண்ணீர் எதுவரை தெளிப்பாய்? இப்படிக் கேட்டால் கடகடவென்று வரும். என் மருமகள் அப்படித்தான் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறாள். வாரம் ஒரு பதார்த்தம் போதும்.

நெல்லைக்காரி:

நேற்று இரவு தேடவில்லை, அம்மாவுக்குப் போன் செய்தேன். பாட்டி சொன்னபடியே கேட்டேன். பையில் கேரட், பீன்ஸ், உருளை, பச்சைப் பட்டாணி இருக்கிறது என்றதும் அம்மா, "அடி, அது சொதிக்கான காய் அல்லவா!" என்றார்கள். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் வைக்கும் தேங்காய்ப்பால் குழம்புதான் சொதி. அதற்குரிய காயெல்லாம் இந்த மலையில் விளைவது. நான் அதன் நடுவில் நின்றுகொண்டு எலுமிச்சைச் சாதம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

பாசிப்பருப்பு என்பதால் குக்கரே வேண்டியிருக்கவில்லை. புளியும் கிடையாது. காயை மூன்றாம் பாலில் வேகவைத்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துவிட்டு, வெந்த பருப்பையும் இரண்டாம் பாலையும் சேர்த்துக் கடைசியில் முதல் பால். வாசனை ஊரையே கொண்டுவந்துவிட்டது. ஆனால் முதல் பால் விட்டதும் திரிதிரியாகப் பிரிந்துவிட்டது. ருசிக்குக் குறையில்லை, பார்வைக்குத்தான் நன்றாக இல்லை. எங்கே தவறினேன்?

குன்னூர்வாசி:

முதல் பால் விட்ட பிறகு கொதித்ததா?

நெல்லைக்காரி:

ஆமாம், இரண்டு கொதி விட்டேன். அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சையும் பிழிந்தேன்.

குன்னூர்வாசி:

இரண்டும்தான் காரணம். முதல் பாலை விடும்போது தீ மிகச் சிறியதாக இருக்க வேண்டும். ஓரத்தில் நுரை கட்டியதும், கொதி வருவதற்குள் இறக்கிவிடுங்கள். எலுமிச்சையை இறக்கிச் சூடு சற்றுத் தணிந்த பிறகு பிழியுங்கள். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் அரைக்க மறக்காதீர்கள்.

வேதியியல் ஆசிரியர்:

வழிமொழிகிறேன். சூடும் புளிப்பும் சேர்ந்தால் தேங்காய்ப்பாலில் உள்ள புரதம் திரண்டுவிடும், கொழுப்பு பிரியும்.

நெல்லைக்காரி:

இன்று மறுபடியும் செய்தேன். ஓரத்தில் நுரை வளையம் போலக் கட்டியதும் இறக்கிவிட்டேன். பத்து நிமிடம் கழித்து எலுமிச்சை. திரியவில்லை. மகளின் டப்பாவில் சொதியும் சாதமும் தனித்தனியாக வைத்தேன், துவையல் மூலையில் ஒரு உருண்டை. மாலையில் டப்பா காலியாக வந்தது. அடுத்த ஞாயிறு மேரக்காய் வாங்கி வந்து தோலையும் எடுத்து வைக்கப்போகிறேன்.