போர் நினைவுக் கண்ணாடி ஜன்னலைப் படமெடுக்க உதவி வேண்டும்

ஒட்டாவா நண்பர்களுக்கு வணக்கம். கவர்னர் ஜெனரலின் மாளிகையான ரிடோ ஹாலுக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் பார்த்தலோமியு தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த கன்னாட் கோமகன், முதல் உலகப் போரில் மாண்ட தன் பணிக்குழுவினரின் நினைவாகச் செய்யச் சொன்னது. டப்ளினில் அதை உருவாக்கியவர் வில்ஹெல்மினா கெடிஸ். 1919-இல் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார்.

மாண்ட வீரனை விண்ணுலகில் வரவேற்கும் காட்சி அது. வழக்கமான சாந்த முகங்கள் இல்லை. எல்லாம் இறுகிய, கனமான முகங்கள். எனக்கு அந்த முகங்கள்தான் முக்கியம். ஆனால் என் படங்களில் வெளிர் கண்ணாடி வெளுத்துப்போகிறது. அதைச் சரிசெய்தால் கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டையும் முகத்தில் தீட்டிய கோடுகளும் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்கின்றன.

இதற்கு மேகமூட்டமான நாள் நல்லதா, வெயில் நல்லதா? பல எக்ஸ்போஷர்களில் (ஒளி அளவுகளில்) எடுத்து ஒன்றுசேர்த்தால் நிறம் மாறிவிடுமா? கீழிருந்து எடுப்பதால் வரும் சாய்வை எப்படிச் சரிசெய்வது? தேவாலய உட்புறம் படமெடுத்துப் பழகியவர்கள் யாராவது ஒருநாள் என்னுடன் வர முடிந்தால் பெரிய உதவி. அனுமதி கேட்பது, போக்குவரத்து எல்லாம் என் பொறுப்பு. அப்புறம், படத்துக்குக் கீழே உங்கள் பெயர் கட்டாயம் வரும்.