பாய்லர் பற்றுகிறது, உடனே அணைகிறது: போர்டு போய்விட்டதா?

கேள்வி:
வீட்டு கேஸ் பாய்லரில் தொல்லை. விசிறி சுற்றுகிறது, டிக் டிக்கென்று பொறி வருகிறது, கண்ணாடித் துளையில் நீலச் சுடரும் தெரிகிறது. ஆனால் சில நொடியில் பட்டென்று அணைந்துவிடும். திரும்பத் திரும்ப முயன்றுவிட்டு, சிவப்பு விளக்கோடு லாக் ஆகிவிடுகிறது. பாய்லரைக் கட்டுப்படுத்தும் மின்னணு போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

பதில்:
அவசரப்படாதீர்கள். நான் பாய்லர் பழுதுபார்ப்பவன். பொறியும் சுடரும் வருகிறதென்றால் பற்றவைக்கும் பகுதி சரி, கேஸ் வால்வும் திறக்கிறது. சுடர் எரிவது போர்டுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சுடருக்குள் நீட்டியிருக்கும் கம்பிக்கு ஏசி, அதாவது திசை மாறி மாறி வரும் மின்னழுத்தம் போகும். சுடர் அதைப் பெரும்பாலும் ஒரே திசையில்தான் கடத்தும். அப்படிக் கிடைக்கும் சில மைக்ரோ ஆம்பியர் டிசியை, அதாவது ஒரே திசையில் ஓடும் மிகச் சிறிய மின்னோட்டத்தை வைத்துத்தான் போர்டு சுடரைக் கண்டுபிடிக்கிறது. அது வராவிட்டால் கேஸை மூடிவிடும். கம்பியில் வெள்ளைப் படிவு, அதைப் பிடித்திருக்கும் பீங்கானில் மயிரிழை விரிசல், தளர்ந்த எர்த், என் கையில் அடிக்கடி மாட்டுவது இவைதான். போர்டு கடைசிச் சந்தேகம்.

இன்னொருவர்:
கரண்ட் பிளக்கில் லைன் வயரும் நியூட்ரல் வயரும் இடம் மாறினாலும் சில மாடல்களில் இதே கூத்துதான். சமீபத்தில் பிளக்கில் கை வைத்தீர்களா?

கேட்டவர்:
ஆமாம் சார், போன வாரம்தான் பிளக் மாற்றினோம்!

பதில்:
சரி, முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறமும் அணைந்தால், கம்பியோடு தொடரில் மீட்டர் வைத்து மின்னோட்டத்தை அளக்கட்டும். எரியறை உறையை நீங்கள் கழற்ற வேண்டாம். அது உரிமம் உள்ளவர் வேலை.