ஞாயிறு மதியம் வரை கடலுக்குள், ராத்திரி வெள்ளியங்கிரி: போகலாமா?

கொடிவேரிப் பையன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் கோபி பக்கம். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், விடுதியில் இருக்கிறேன். முகூர்த்த நாட்களில் கேட்டரிங்குக்குப் பரிமாறப் போய்ச் சேர்த்த காசில் ஸ்கூபா டைவிங் கோர்ஸ் சேர்ந்திருக்கிறேன். ஓப்பன் வாட்டர் என்பார்களே, 18 மீட்டர் ஆழம் வரை போகலாம், அது. வகுப்பும் நீச்சல்குளப் பயிற்சியும் இங்கேயே முடிந்தன. பாக்கி இருப்பது கடலில் நான்கு டைவ். சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு, பாண்டிச்சேரியில்.

நீச்சல் எனக்குப் புதிதில்லை. அப்புச்சி தோட்டத்துக் கிணற்றில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு பழகினவன்தான். மோட்டார் போடும்போது ஸ்பேனர் உள்ளே விழுந்தால் மூச்சைப் பிடித்து அடியில் போய் எடுத்து வருவது என் வேலை. ஆனால் அந்தப் பழக்கமே குளத்தில் எனக்கு எதிரியாகிவிட்டது. முதுகில் காற்று டேங்க் கட்டியிருக்கும்போது மூச்சைப் பிடிக்கவே கூடாதாம், மேலே வரும்போது நுரையீரலில் இருக்கிற காற்று விரியுமாம். தலை தண்ணீருக்குள் போன உடனே எனக்குத் தானாக வாய் இறுகிவிடும். பயிற்சியாளர் என் டேங்கை டொக் டொக் என்று தட்டி, விரலைக் குமிழி போல் மேலே ஆட்டிக் காட்டுவார்: விடு, விடு என்று. ரெகுலேட்டரை (டேங்க் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற கருவி) வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கையை வீசித் தேடிப் பிடிக்கிற பயிற்சிகூட எளிதாக வந்தது. மூச்சை விட்டுக்கொண்டே இருப்பதுதான் கடைசி வரைக்கும் தகராறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அறை நண்பர்கள் நான்கு பேர் கார் எடுத்துக்கொண்டு பாண்டிக்கு வருகிறார்கள். ஞாயிறு மதியம் ஒரு மணிக்குள் என் கடைசி டைவ் முடியும். இரண்டு மணிக்குக் கிளம்பி, ராத்திரி பத்து மணி வாக்கில் பூண்டி அடிவாரம், மூங்கில் தடி வாங்கிக்கொண்டு அப்படியே வெள்ளியங்கிரி ஏறி, ஏழாவது மலையில் சூரிய உதயம். இதுதான் திட்டம். சீசன் முடிவதற்குள் போயாக வேண்டும் என்று எல்லாரும் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள்.

'டைவ் முடிந்து 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது' என்று வகுப்பில் சொன்னார்கள். நாங்கள் விமானத்துக்கு எங்கே போக? ஆனால் மலையும் இந்தக் கணக்கில் வருமா? ஒருத்தன் வேறு, போகிற வழியில் ஏற்காடு ஏறி ராத்திரி தங்கிவிடலாம் என்கிறான். அதாவது பரவாயில்லையா? பயிற்சியாளரிடமும் கேட்பேன். அதற்கு முன்னால் இங்கே யாராவது சொன்னால் நல்லது.

அம்மாவுக்குக் கடல் என்றாலே நடுக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் பாலத்திலிருந்து குதிப்பேன், அதற்கு இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை!

சிங்கை சிங்கம் (சிங்காநல்லூருங்க, சிங்கப்பூர் இல்லை):

தம்பி, ரொம்ப யோசிக்காதே. நான் பாண்டியில் ஒரு டைவ் அடித்துவிட்டு ராத்திரி பஸ் ஏறி, அடுத்த நாள் மத்தியானம் ஊட்டியில் வர்க்கியும் டீயும் சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. வயசுப் பையன், தைரியமாகப் போய் வா.

தென்னந்தோப்பு:

போக வேண்டாம் தம்பி. நான் அந்தமானில் டைவ் கைடாக வேலை பார்த்துவிட்டு இப்போது ஆனைமலைப் பக்கம் தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொழுதுக்கும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருந்த இடம் அது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

சோடா பாட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த வாயு குமிழியாகப் பொங்குகிற உதாரணத்தை உன் வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். நான் எண்ணாகச் சொல்கிறேன். கரையில் உன் மேல் இருக்கிற காற்றழுத்தத்தை 1 என்று வைத்துக்கொள். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒன்று கூடும், 18 மீட்டரில் 2.8. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கிற காற்றில் இருக்கிற நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கூடுதலாகக் கரைகிறது. மெதுவாக மேலே வந்து, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, கரையேறினாலும் அது முழுதாக வெளியே போய்விடாது. மூச்சு வழியாகப் பல மணி நேரம் போய்க்கொண்டே இருக்கும். இந்த நிலையில் வெள்ளியங்கிரி உச்சிக்குப் போனால், அது ஏறக்குறைய 6,000 அடி, அங்கே அழுத்தம் 0.8 சொச்சம்தான். உடம்பைப் பொறுத்தவரை நீ இன்னும் கடலிலிருந்து மேலே வந்துகொண்டிருக்கிறாய், மிச்ச நைட்ரஜன் சோடா போலக் குமிழியாகலாம். விமானத்தில் ஏறினாயா, மாட்டு வண்டியில் ஏறினாயா என்று நைட்ரஜன் பார்க்காது.

டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்கிற இடைவெளி இது: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரு நாளில் பல டைவ், அல்லது பல நாள் தொடர்ந்து டைவ் என்றால் குறைந்தது 18. விமான கேபின் அழுத்தத்தை வைத்துச் சொன்னதுதான். 2,000 அடியிலிருந்து 8,000 அடி வரைக்குமான உயரத்துக்கு அது பொருந்தும். நம் மலைகளில் பாதிக்கு மேல் அதற்குள் வந்துவிடும். சிங்கை அண்ணன் போனது ஒற்றை டைவ், நடுவில் ஒரு முழு ராத்திரி. அவர் கணக்கு தேறிவிட்டது. உனக்கு இரண்டு நாளில் நான்கு டைவ், கடைசி டைவ் முடிந்த பத்தாவது மணியிலேயே படி ஏற ஆரம்பிக்கிறாய். சூரிய உதயத்துக்கு உச்சியில் இருந்தால் 17 மணி நேரம்கூடத் தாண்டியிருக்காது.

இன்னும் இரண்டு விஷயம். டைவ் முடிந்த ஒரு நாளுக்குக் கடும் உழைப்பு கூடாது என்பார்கள், குமிழி உண்டாகிற வாய்ப்பைக் கூட்டும் என்பதால். முதல் மலைப் படியைவிடக் கடும் உழைப்பு எது? அப்புறம், எனக்கு இதில் பெரிய கவலை வேறு. இந்தக் குமிழியால் வருகிற டீகம்ப்ரெஷன் நோயின் அறிகுறி என்ன? முழங்கால், தோள்பட்டை மூட்டில் வலி, மரத்துப் போவது, காரணமில்லாத அசதி, தலைசுற்றல், சில பேருக்குத் தோலில் தடிப்பு. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் காட்டும். வெள்ளியங்கிரி இறங்கின எவனுக்கு முழங்கால் வலி இல்லை, அசதி இல்லை? நிஜமாகவே ஏதாவது வந்தாலும் நீ 'மலை இறங்கின வலி' என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவாய். இரவில் ஐந்தாவது மலையில் கால் மரத்துப் போனால் யார் எப்படிக் கீழே தூக்கி வருவது என்பதையும் நண்பர்களிடம் கேள்.

ஏற்காடும் வேண்டாம். 1,500 மீட்டர், அதுவும் கடைசி டைவ் முடிந்த அன்று சாயங்காலமே. உழைப்பு இல்லைதான், ஆனால் உயரம் உயரம்தான்.

சேலம், ஈரோடு வழியாகக் கோயமுத்தூர் வருவதில் பிரச்சினை இல்லை. கோவையே 411 மீட்டர்தான், 2,000 அடிக்குக் கீழ். வழியெல்லாம் தண்ணீர் குடி, வந்து நன்றாகத் தூங்கு. உனக்கு டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கு வைக்கிற கருவி) கொடுத்தால் அதில் பறக்கக் கூடாத நேரம் ஓடிக்கொண்டிருக்கும், கரையேறினதும் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள். எதாவது சந்தேகமாக இருந்தால் 108க்குக் கூப்பிட்டு, முதல் வார்த்தையாக 'நேற்று ஸ்கூபா போனேன்' என்று சொல். இங்கே உள்நாட்டில் டாக்டருக்கு அது தானாகத் தோன்றாது. ஆக்சிஜன் உடனே வேண்டும்.

மலைக்கு ஆசையாக இருந்தால் வரிசையை மாற்று. முதலில் மலை, பிறகு கடல்.

பேரூர்க்காரன்:

மேலே சொன்னவர் சரியாகச் சொன்னாருங்க. கடல் எனக்குத் தெரியாது, மலை தெரியும். வரிசையை மாற்றினாலும் ஒட்டி வைத்துவிடாதீர்கள்.

முதல் மலை முழுக்கப் படி. வெள்ளை விநாயகர் வருவதற்குள் பாதிப் பேர் 'திரும்பலாமா' என்று முகத்தைப் பார்ப்பார்கள். அதைத் தாண்டினால் மனசு பழகிவிடும். கைதட்டி சுனை, பாம்பாட்டி சுனை என்று தண்ணீரைப் பிடித்துப் பிடித்துப் போய்விடலாம். மேலே போகப் போகத்தான் காற்று. வேர்த்த சட்டையோடு நின்றால் பல் கிட்டிக்கும். அங்கே போய் வந்த அடுத்த நாள் எனக்குத் தப்பாமல் மூக்கு அடைக்கும். மூக்கு அடைத்தால் கடலுக்குள் காது என்ன ஆகும் என்று அந்தத் தோப்புக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறங்கும்போதுதான் தொடையும் கெண்டைக்காலும் போகும். தடியை விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளைக்கு விடுதிப் படியைப் பக்கவாட்டில்தான் இறங்குவீர்கள். இதயக் கோளாறு, மூச்சிரைப்பு இருக்கிறவர்கள் வர வேண்டாம் என்று வனத்துறை வருஷா வருஷம் சொல்லிக்கொண்டே இருக்கிறது, அப்படியும் மலையில் உயிர்போகிற செய்தி வராத சீசன் இல்லை. உங்கள் நான்கு நண்பர்களில் யாருக்காவது வீசிங் உண்டா என்று கேளுங்கள். ராத்திரி பகல் கார் ஓட்டி வந்தவன் தூங்காமல் ஏறுவது தனிப் பைத்தியக்காரத்தனம், ஸ்கூபா இல்லாவிட்டாலும்.

தென்னந்தோப்பு:

பேரூர்க்காரர் கேட்டதற்கு: மூக்கடைப்போடு இறங்கினால் காதுக்குள் அழுத்தம் சமன் ஆகாது. மூக்கைப் பிடித்து ஊதினாலும் 'பொக்' என்று திறக்காது, மூன்று மீட்டரிலேயே ஊசி குத்துவது போல் வலிக்கும். பிடிவாதமாக இறங்கினால் செவிப்பறை போகும். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் ஆபத்து, நடுவில் அதன் வேகம் தீர்ந்தால் மேலே வரும்போது காற்று மாட்டிக்கொள்ளும். கெண்டைக்கால் வலியோடு, காலில் மாட்டுகிற துடுப்பை உதைத்தால் தசை பிடித்துக்கொள்ளும், அது நானே நிறைய மாணவர்களிடம் பார்த்தது. அதனால் மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வாரம் விடு.

கொடிவேரிப் பையன்:

ரொம்ப நன்றிங்கண்ணா, பேரூர் அண்ணாவுக்கும். பயிற்சியாளரிடமும் பேசிவிட்டேன். கேள்வியை முடிப்பதற்குள் 'கூடாது' என்றார். காரணத்தை நீங்கள் சொன்னதுதான் உருப்படியாகப் புரிந்தது. அந்த முழங்கால் வலி விஷயத்தை அறையில் வாசித்துக் காட்டினேன், ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு கேள்வி. சான்றிதழ் வந்த பிறகு அடுத்த சீசனில் முருடேஸ்வர் போய் நேத்ராணித் தீவில் டைவ் பண்ண ஆசை. மைசூர் வழியாகப் பஸ்ஸில் வந்தால் சத்தியமங்கலத்தில் இறங்கி நேராக வீட்டுக்கே போய்விடலாம் என்று பார்த்தேன். அதிலும் இந்தக் கணக்கு வருமா?

தென்னந்தோப்பு:

பலே, இப்போதுதான் சரியான கேள்வி கேட்கிறாய். வரும். கடற்கரையிலிருந்து மலைத்தொடரை ஏறித்தான் மைசூர் பக்கம் வர வேண்டும். மைசூரே 700 மீட்டருக்கு மேல். அப்புறம் சாம்ராஜ்நகர் தாண்டித் திம்பம், அது ஆயிரம் மீட்டருக்கு மேல், அங்கிருந்து 27 கொண்டை ஊசி வளைவு இறங்கினால்தான் பண்ணாரி. சீட்டில் தூங்கிக்கொண்டே மலையேறிவிடுவாய். 18 மணி நேரம் முருடேஸ்வரிலேயே கழித்துவிட்டுக் கிளம்பினால் அந்த வழி சரி. அன்றைக்கே கிளம்புவது என்றால் ரயில்தான். கடலோரமாக மங்களூர் வந்து, அங்கிருந்து கோழிக்கோடு, ஷொரனூர், பாலக்காடு. பாலக்காட்டுக் கணவாய் இல்லையென்றால் கோயமுத்தூர்க்காரன் எந்தப் பக்கம் கடலுக்குப் போய்த் திரும்பினாலும் இந்தத் தலைவலி இருந்திருக்கும்.

கோத்தகிரிக்காரி:

தம்பிக்கு ஒரு யோசனை. வெள்ளியங்கிரி மட்டும்தான் மலை என்று பையன்கள் நினைக்கிறீர்கள். பெண்களான எங்களை அங்கே விடுவதே வழக்கமில்லை, அதனால் நாங்கள் வேறு பாதை தேடிப் பழகிவிட்டோம்! வனத்துறை 2024 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், மலைவாழ் மக்களே வழிகாட்டியாக வருவார்கள். ஆழியாறு கால்வாய்க் கரை நடை எளிது, அடிவாரத்திலேயே இருக்கிறது. எங்கள் ஊர் லாங்வுட் சோலை அரை நாள் நடை, உயரம் மட்டும் அதிகம். ஒரு குறை: 2018 மார்ச் குரங்கணித் தீக்குப் பிறகு கோடையில் ரொம்பக் கண்டிப்பு. பிப்ரவரி நடுவாக்கில் பாதைகளை மூடிவிடுவார்கள். பதிவு இல்லாமல் யாரையாவது பிடித்து உள்ளே போகலாம் என்று யாராவது சொன்னால் போகாதே, அபராதம் ஒரு பக்கம், யானை ஒரு பக்கம்.

கொடிவேரிப் பையன்:

சரிங்க அக்கா, மழை முடிந்ததும் ஆழியாறு. இப்போதைக்கு முடிவு இது: பாண்டிக்கு நான் மட்டும் பஸ்ஸில் போகிறேன். நண்பர்கள் அதே ஞாயிறு ராத்திரி வெள்ளியங்கிரி ஏறுகிறார்கள். நான் அடுத்த அமாவாசைக்கு முன்னால் இன்னொரு கூட்டத்தோடு ஏறிக்கொள்வேன். காருக்கு ஐந்து பேர் கணக்கில் முன்பணம் கட்டியாகிவிட்டது, என் பங்கைத் திருப்பிக் கேட்டால் 'நைட்ரஜனிடம் வாங்கிக்கொள்' என்கிறார்கள்.

சிங்கை சிங்கம்:

அந்த ஐந்தாவது சீட் காலியா தம்பி? பங்கை நான் கொடுத்துவிடுகிறேன். எனக்கு வீசிங் இல்லை, இந்த மாதம் கடல் பக்கமே போகவில்லை. கார் சிங்காநல்லூர் வழியாகத்தானே போகும்?