மறுமொழி: ‘கீஸ்டோனிங்’ என்பதற்கு ஈடாகச் ‘சாய்வுக்கூம்பல்’

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

நகர வீதிகளில் நடந்தபடியே வாசல்களையும் கதவுகளையும் அவற்றின் சிறு வேலைப்பாடுகளையும் ஒளிப்படம் எடுப்போருக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், ‘கீஸ்டோனிங்’ (கருவியைச் சாய்த்து எடுக்கும்போது இணைகோடுகள் படத்தில் ஒரு முனையில் நெருங்கித் தோன்றுவது) மட்டும் தமிழ்ச்சொல் முடிவாகாமல் நிற்கிறது. சாவிக்கல் விளைவு, சரிவகத் திரிபு, கோட்டுக்குவிவு, நிலைக்கூம்பல் என நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. இவற்றுள் முதலாவதைத் தவிர மற்ற மூன்றுக்கும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆயினும் ஐந்தாவதாக ஒரு சொல்லை முன்வைக்க விரும்புகிறேன்.

சொல்லுக்கு முன் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வது நல்லது. புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதியில் ஒரு பழைய தமிழ் வீட்டின் முன் நிற்பதாக வைத்துக்கொள்வோம். தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதற்குள் திண்ணை, திண்ணைக்குப் பின்னால் உள்வாங்கி நிற்கும் நிலையும் கதவும், அதற்கு மேலே மாடியில் பிரெஞ்சுச் சாயலில் சன்னல்கள். கதவை மட்டும் எடுப்பது எளிது. மாடிச் சன்னலும் சேர்ந்து வரவேண்டும் என்றால், பின்னால் நகர்வதற்குத் தெருவில் இடமில்லை. எதிர்வீட்டுத் திண்ணை முதுகில் இடிக்கிறது. ஆகவே படக்கருவியை மேல்நோக்கிச் சாய்க்கிறோம். உடனே நிலைக்கால்கள் இரண்டும் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கி, வீடே பின்னால் சரிந்து விழப்போவது போலத் தோன்றுகிறது.

இதற்குக் காரணம் வில்லையின் (லென்சின்) கோளாறு அன்று. கருவிக்குள் ஒளியைப் பதியும் உணரி சுவருக்கு இணையாக இருக்கும்வரை, சுவரிலுள்ள இணைகோடுகள் படத்திலும் இணைகோடுகளாகவே விழும். கருவி மேல்நோக்கிச் சாய்ந்தவுடன் சுவரின் உச்சி, உணரியைப் பொறுத்த அளவில், அடிப்பகுதியைக் காட்டிலும் தொலைவுக்குப் போய்விடுகிறது, தொலைவிலுள்ளது சிறிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். விலையுயர்ந்த வில்லையானாலும் கைபேசி வில்லையானாலும் சாய்வு ஒன்றாக இருந்தால் இவ்விளைவும் ஒன்றாகவே இருக்கும்.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘சாவிக்கல் விளைவு’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘கீஸ்டோன்’ என்னும் ஆங்கிலச் சொல் குறிக்கும் கல், கட்டட வளைவின் உச்சியில் நடுவே இறுக்கப்படும் ஆப்பு வடிவக் கல். அதற்கும் பூட்டைத் திறக்கும் சாவிக்கும் தொடர்பு தேடுவது வீண். மேலும் அந்தக் கல் மேலே அகன்று கீழே குறுகியிருக்கும். படவீழ்த்தியை (புரொஜெக்டரை) தாழ்வான மேசையில் வைத்து மேல்நோக்கிச் சாய்த்தால் திரையில் விழும் உருவம் அப்படித்தான் மேலே அகல்கிறது. அங்கே ஆங்கிலச் சொல் பொருந்துகிறது. அண்ணாந்து எடுத்த வாசற்படத்தில் நடப்பதோ நேர்மாறு. ஆங்கிலத்திலேயே தலைகீழாக நிற்கும் உவமையைத் தமிழுக்குச் சுமந்து வர வேண்டிய தேவை என்ன?

> ஆங்கிலச் சொல்லின் படிமம் தமிழிலும் இருந்தால்தான் மாணவர் இரண்டையும் இணைத்துப் படிக்க முடியும்.

குழுமத்தில் இவ்வாறு எழுதிய ஐயா அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்த இணைப்பைச் செய்ய அகராதிப் பதிவே போதும். சொல்லின் வேலை, பொருளைத் தமிழில் நினைக்கச் செய்வது.

‘சரிவகத் திரிபு’ என்பது பள்ளிக் கணக்கு படித்த எவருக்கும் விளங்கும். செவ்வகக் கதவு சரிவகமாகிறது என்பது உண்மையே. எனக்குள்ள தடை இரண்டாம் பாதியின் மீதுதான். அகல்கோண வில்லைகளில் நேர்கோடுகள் வெளிப்புறம் வளைவதைப் பீப்பாய்த் திரிபு என்று முன்னரே இப்பட்டியலில் சேர்த்துவிட்டோம். அது வில்லையின் குறை. அங்கே நேர்கோடு நேர்கோடாக இருப்பதில்லை. இங்கே நேர்கோடுகள் நேராகவே இருக்கின்றன, அவற்றுக்கிடையிலான இடைவெளி மட்டுமே மாறுகிறது. இரண்டுக்கும் ‘திரிபு’ என்றே பெயரிட்டால், கருவியை நிமிர்த்திப் பிடித்தால் தீர்ந்துபோகும் ஒன்றுக்காகப் புது வில்லை வாங்கப் போவோர் இருப்பார்கள். தவிர, கருவி மேலும் பக்கவாட்டிலும் ஒருசேரச் சாய்ந்தால் கிடைப்பது சரிவகமே அன்று. எந்தப் பக்கமும் இணையில்லாத ஒரு நாற்கரம்.

‘கோட்டுக்குவிவு’ ஒலியளவில் நன்றாக இருக்கிறது. ஒளிப்படத்துறையில் ‘குவி’ என்னும் வேர் ஏற்கெனவே குவியம் (ஃபோகஸ்), குவியத்தூரம், தானியங்கிக் குவியம் என்று முழுமையாகக் குடியேறிவிட்டதால், “இப்படத்தில் குவிவு மிகுதி” என்று ஒருவர் எழுதினால் படம் துல்லியமாக இருக்கிறது என்றே வாசிப்பவர் புரிந்துகொள்வார்.

நான்காவதான ‘நிலைக்கூம்பல்’ என்னைப் பெரிதும் கவர்ந்தது என்பதை மறைக்கவில்லை. கூம்புதல் என்றால் ஒடுங்குதல், குவிதல். தாமரை கூம்பும், வணங்கும் கை கூம்பும். இரண்டு நிலைக்கால்கள் மேலே நெருங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைப்பது அரிது. ‘நிலை’ என்ற சொல்லும் தச்சரின் நாவிலிருந்தே வருகிறது. ஆனால் வாசற்படங்களை விட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய்க் கோபுரத்தின் முன் நின்றால் சிக்கல் தொடங்குகிறது. ஏழுநிலைக் கோபுரம், ஒன்பதுநிலைக் கோபுரம் என்று நாம் சொல்லும்போது ‘நிலை’ அடுக்கைக் குறிக்கிறது. அந்த அடுக்குகள் மேலே போகப்போகக் குறுகுமாறே கட்டப்பட்டவை. அங்கே ‘நிலைக்கூம்பல்’ என்றால் சிற்பி திட்டமிட்டு அமைத்த கூம்பலைத்தான் எவரும் நினைப்பர். கட்டடத்தின் கூம்பலையும் கருவியால் நேரும் கூம்பலையும் பிரித்தறிவதே இச்சொல்லின் முதற்பயன் என்னும்போது, இந்தக் குழப்பத்தைச் சிறிதென்று ஒதுக்க முடியவில்லை.

ஆகவே வினையை வைத்துக்கொண்டு அடைமொழியை மட்டும் மாற்றலாம் என்பது என் கருத்து: சாய்வுக்கூம்பல். விளைவின் வடிவத்தோடு அதன் காரணமும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. படத்தில் சாய்வுக்கூம்பல் தெரிந்தால் சாய்வைக் குறைக்க வேண்டும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. கிளைச்சொற்களும் இயல்பாகப் பிறக்கின்றன. அண்ணாந்து எடுத்தால் மேற்கூம்பல். வாசலுக்கு எதிரே நின்று, கோலமும் சேர்ந்து விழக் கருவியைக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுத்தால், நிலைக்கால்கள் கீழே நெருங்குவது கீழ்க்கூம்பல். தெருவோரமாக நடக்கும்போது கதவைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தால், உத்தரமும் வாசற்படியும் ஒரு பக்கமாக நெருங்குவது பக்கக்கூம்பல்.

புள்ளிக்கோலத்தை எடுத்துக்காட்டாகப் பதிவில் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது. நேர்வரிசையில் இட்ட புள்ளிகளை நின்ற இடத்திலிருந்து சாய்வாக எடுத்தால், நமக்கு அருகிலுள்ள வரிசையில் புள்ளிகள் விலகியும் வாசற்படியை ஒட்டிய வரிசையில் நெருங்கியும் விழுகின்றன. அளவுகோல் இல்லாமலேயே கூம்பலைக் கண்ணால் அளக்க இதைவிட எளிய கருவி நம் தெருக்களில் இல்லை.

திருத்தும் முறைகளுக்கான சொற்களையும் இத்துடன் முடித்துவிடலாம். செலவில்லாத முறை, கருவியைக் கதவின் பாதி உயரத்துக்கு இறக்குவது. ஏழடிக் கதவை நின்றபடி கண்ணுயரத்தில் எடுப்பவர், அடிப்பகுதியை உள்ளடக்கக் கருவியைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்க்கிறார். அதையே மூன்றரை அடி உயரத்தில் நேராகப் பிடித்தால் சாய்வுக்கே இடமில்லை. நாதாங்கி, தாழ்ப்பாள், பித்தளைக் குமிழ், மாடக்குழி போன்ற சிறு கூறுகளுக்கும் இதுவே பொருந்தும்: பொருளின் உயரத்துக்குக் கருவி போக வேண்டும். நிலைக்கு மேலுள்ள செதுக்குப் பலகைக்கு மட்டும் இது எட்டாது.

அதற்கான பழைய வழி, கருவியை நேராக வைத்துக்கொண்டு வில்லையை மட்டும் மேலே உயர்த்துவது. பாரிசின் பழைய வாசல்களையும் கதவுத் தட்டுக்குமிழ்களையும் படிக்கட்டுக் கைப்பிடிகளையும் ஆண்டுக்கணக்கில் நடந்து நடந்து பதிவுசெய்த பிரெஞ்சு ஒளிப்படக்கலைஞர் எழேன் அத்ழே (1857–1927), 18×24 செ.மீ. கண்ணாடித் தகடுகள் கொண்ட மரக்கருவியில் இப்படித்தான் செய்தார். அவருடைய படங்கள் பலவற்றில் மேல்மூலைகள் கறுத்து வளைந்திருப்பதைக் காணலாம். வில்லையை, அதன் வழியே வரும் ஒளி தகட்டில் விழும் வட்டம் எட்டும் எல்லைக்கு அப்பால் உயர்த்தியதன் தடயம் அது. கதவின் கோடுகள் நேராக நின்றால் மூலைகள் போனாலும் சரி என்பது அவருடைய கணக்குப் போலும். 1960களின் தொடக்கத்தில் நிக்கான் நிறுவனம் 35 மி.மீ. படச்சுருள் கருவிகளுக்கு இவ்வாறு நகர்த்தத்தக்க வில்லையைக் கொண்டுவந்தது; 1973இல் கேனான் வெளியிட்ட வில்லை நகர்வதோடு சாயவும் செய்தது. இந்த உயர்த்தலுக்கு ‘வில்லைப்பெயர்ச்சி’ என்பது பொருந்தும். ‘நகர்வு’ என்று சொல்லலாம்தான். ஆனால் அசையும் படத்துக்கு அச்சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

மூன்றாவது, படம் எடுத்தபின் மென்பொருளில் நிமிர்த்துவது. இதைக் ‘கூம்பல் திருத்தம்’ எனலாம். படவீழ்த்திகளிலுள்ள அதே வசதிக்கும் இப்பெயர் பொருந்தும், ஏனெனில் அங்கும் காரணம் சாய்வுதான். மேற்பகுதியை இழுத்து அகலமாக்குவதால் அங்கே நுணுக்கம் குறையும், ஓரங்களையும் வெட்ட நேரும் என்பதைப் பதிவில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். உயரமான முகப்புகளில் முழுமையாக நிமிர்த்தினால் கட்டடம் தலைகனத்தது போலத் தோன்றுவதால் சிறிது கூம்பலை விட்டுவைப்பவர்களும் உண்டு. கதவைப் பொறுத்தவரை நான் அதை ஏற்பதில்லை.

இந்தச் சொல்லுக்கு எதிராக வரக்கூடிய வலுவான தடை ஒன்றுண்டு. பழைய வீடுகளில் நிலையே உண்மையில் சாய்ந்திருக்கும். அடித்தளம் இறங்கியிருக்கும், மரம் முறுக்கியிருக்கும். ‘சாய்வு’ என்றவுடன் கட்டடத்தின் சாய்வை ஒருவர் நினைக்கலாம். மரபுக் கட்டடங்களை ஆவணப்படுத்துவோர் சாய்ந்த நிலையை மென்பொருளில் நிமிர்த்திவிட்டால் ஆவணமே பொய்யாகிவிடும் என்பதால் இது வெறும் சொற்சிக்கல் மட்டுமன்று. ‘கருவிச்சாய்வுக் கூம்பல்’ என்றால் ஐயம் அறும். ஆனால் எவரும் அதைப் பேச்சில் சொல்லப்போவதில்லை. விளக்கத்தைப் பின்வருமாறு தொடங்கினால் போதும் என்று கருதுகிறேன்:

சாய்வுக்கூம்பல் – படக்கருவியோ படவீழ்த்தியோ எதிரிலுள்ள சுவருக்கோ திரைக்கோ இணையாக இல்லாமல் சாய்ந்திருப்பதால், பொருளில் இணையாக உள்ள கோடுகள் உருவத்தில் ஒரு முனையில் நெருங்கித் தோன்றுதல். பொருளின் இயல்பான சாய்வையோ கூம்பலையோ இது குறிக்காது.

‘பக்கக்கூம்பல்’ என்பதில் மட்டும் எனக்கு முழு நிறைவில்லை. ககரங்கள் அடுத்தடுத்து வந்து நாவில் இடறுகின்றன. ‘கிடைக்கூம்பல்’ பொருந்துமா என்று கட்டடக்கலை படித்த அன்பர்கள் சொன்னால், மற்றவற்றை இவ்வாரமே பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்